ஓரக்கொக்கி

கொளத்தூரில் ஜோடி முப்பது ரூபாய்க்கு வாங்கிய கப்பி,
ஓட்டேரி நல்லா கால்வாயில்
கொசுவுக்காக என்றோ யாரோ விட்டு
ஓசியில் பெருகிய கப்பி.
இரண்டின் வாலிலும் ஒரு தூசு.

தூசுக்குப் பதினாறு ஓரக்கொக்கி.
நடுவில் பெரிதாய் இரண்டு,
கறிக்கடையில் தொடை தொங்குமே அந்த வளைவு.
அதை வைத்துத்தான் புழு மீனைப் பிடித்துக்கொள்கிறது.
அதை வைத்துத்தான் நாங்கள் புழுவுக்குப் பெயர் பிடிக்கிறோம்.
மற்றதெல்லாம் சதை, கரைந்துவிடும்.

கொளத்தூர்க் கொக்கி இருபத்துநாலு மைக்ரான்.
ஓட்டேரிக் கொக்கி இருபத்தேழு.

சற்குணராஜ் சார் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்,
ஆறு மாதத்தில் முதல்முறை.
"புது இனம்மா."
மதியச் சாப்பாட்டுக்குள் பெயரும் வந்துவிட்டது:
லத்தீனில் வளைத்த ஓட்டேரி,
பின்னால் அவர் பெயர், ஒரு காற்புள்ளி, வருடம்.
அந்தக் காற்புள்ளி வேண்டுமானால் நான்.

பத்துப் புழுவை வைத்து
இவ்வளவு பெரிய சொல்லா என்று
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
ஆனாலும் நான் செய்தது ஒன்றுதான்.
எண்ணிக்கையைக் கூட்டினேன்.

சித்திரையில் இறங்கினேன்.
கால்வாய் உலை வைத்த மாதிரி இருந்தது.
தண்ணி லாரிக்குக் குடம் போட்டிருந்தவள் கேட்டாள்:
"இத்த இன்னாத்துக்கும்மா புடிக்கிற?"
"புழு அளக்க."
"அளந்து?"

சித்திரைக் கொக்கி குட்டை.
மார்கழிக் கொக்கி நெட்டை.
அதே கால்வாய், அதே மீன்.

குட்டி போடுகிற புழு இது.
தாய் வயிற்றில் மகள்,
அந்தப் பிறக்காத மகள் வயிற்றில்
அதற்குள் இன்னொருத்தி.
ஓரக்கொக்கி உள்ளேயே முடிந்துவிடும்,
வெளியே வந்தபின் வளராது.
ஆகவே நான் இத்தனை நாள் அளந்தது
மகளை அல்ல,
அவள் உள்ளிருந்த நாட்களின் தண்ணீரை.
குளிரில் நிதானமாக உருவானவள்
நீண்ட கொக்கியோடு வருகிறாள்.
கொளத்தூர்க் கடையிலோ தொட்டிக்கு ஹீட்டர்.
வருடம் முழுக்க வைகாசி.

தையில் இருபத்தாறு.
ஐப்பசி மழைக்குப் பிறகு இருபத்தைந்தரை,
இருபத்தைந்தேகால், மீண்டும் இருபத்தாறு.
இடைவெளி என்று நாங்கள் நினைத்த இடத்தில்
நான் பிடிக்காத புழுக்கள் இருந்தன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
மேல்கண்ணாடியைக் கொஞ்சம் அழுத்தினால்
கொக்கி அரை மைக்ரான் விரியும்.
என் கட்டைவிரலும் அந்த அட்டவணையில் இருக்கிறது.

ரேஷன் அட்டையில் நான் புனிதவள்ளி,
ஆதாரில் புனிதாவல்லி,
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் புனிதவல்லி.
மூவருக்கும் ஒரே கேஸ் இணைப்பு.
மூன்று மாதமாய் இவர்களில் யாருக்கும்
புராஜெக்ட் சம்பளம் வரவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி வைத்த தாளை
சார் மேசையில் விரித்தேன்.
இரண்டு குன்றுகள் எதிர்பார்த்தவர்
ஒரே சரிவை நெடுநேரம் பார்த்தார்.
பிறகு பென்சிலால் நடுப்பகுதியை லேசாகத் தட்டி,
"இதுல கொஞ்சம் சுத்தம் பண்ணினா?"

மின்விசிறி தாளைத் தூக்கியது.
அதன் மேல் டீ கிளாஸை வைத்தேன்.

இன்று கடைசி ஸ்லைடு.
மாசி முதல் வாரம் பிடித்த தாய், இருபத்தாறு.
உள்ளே சுருண்டு கிடந்தவளின் கொக்கிகள்
முழுசாக, கூராக,
தாயின் சதைக்குள் தெரிந்தன.
அவளையும் அளந்தேன்.
இருபத்தைந்து.

பிறக்கவில்லை.
இருந்தாலும் எண் கொடுத்தேன்,
முந்நூற்றுப் பதிமூன்று.
ஊருக்கு வெயில் ஏறுவது
அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.